மேல் தெருவில் எல்லாமே நீலக் கேட்

நாரின் என்ற மலையூரில் மேல் தெருவுக்குப் போய் நீலக் கேட் எது என்று கேட்பதும், ஆட்டு மந்தைக்குள் போய் கம்பளி உள்ள ஆடு எது என்று கேட்பதும் ஒன்றுதான். அந்தத் தெருவில் யாரும் வேறு நிறம் பூசுவதில்லை. கேட் நீலம், ஜன்னல் சட்டம் நீலம், மிச்சம் விழுந்த பெயின்ட்டில் நாய்க்கூண்டும் நீலம். ஆனாலும் போனில் பேசிய ஆள் சகினாலியிடம் அந்த அடையாளத்தைத்தான் சொன்னார்.

"மேல் தெரு. பழைய பால் டிப்போவுக்கு எதிர்ல, நீலக் கேட். வியாழக்கிழமை ஆறு மணி. ஏழேகாலுக்கு முடிஞ்சுரும். ஊரு, அப்பா பேரு ஒண்ணும் சொல்ல வேண்டாம். கையில எதுவும் கொண்டு வர வேண்டாம்."

பால் டிப்போவை இடித்துப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. அந்தத் தெருக்காரர்களுக்கு அது இன்னும் அங்கேதான் நிற்கிறது. சகினாலிக்கு எப்படித் தெரியும்? அவருடைய கிராமம் கணவாய்க்கு அந்தப் பக்கம், வேனில் ஒரு மணி நேரம். நாரினுக்கு அவர் வருவதே தடுப்பூசி வாங்கத்தான்.

சகினாலி மாட்டு டாக்டர். ஐம்பத்து நான்கு வயது. கால்நடைப் பள்ளியில் படித்து முடித்துச் சான்றிதழ் வாங்கிய வருடமே கூட்டுப்பண்ணைகள் கலைந்தன. சம்பளம் கொடுக்க ஆள் இல்லை. ஆனால் மாடுகள் கலைந்து போகவில்லையே. வீட்டுக்கு வீடு நடந்து வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் மாட்டைப் பார்த்துவிட்டுப் போகிற டாக்டரை வெறும் வாயோடு அனுப்புவது அந்த வீட்டுக்கே இழுக்கு. ரொட்டி வரும், டீ வரும், கறி இருந்தால் கறி வரும். கடைசியில் அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். ஒரு கிளாஸ்தானே என்று ஆரம்பித்தது. வசந்த காலத்தில், ஆடு மாடெல்லாம் குட்டி போடும் மாதத்தில், ஒரு நாளைக்கு ஆறு வீடு. ஆறு வீட்டிலும் ஒரு கிளாஸ்தான். முதல் பத்து வருடம் அவராகக் காசு கொடுத்து ஒரு பாட்டில் வாங்கியது கிடையாது. பிறகு வீடுகள் போதாமல் போயின. மருந்துப் பையில் இருந்த ஸ்பிரிட் வேறு, ஊசி குத்துமுன் தடவுவதைவிட வேகமாகக் காலியாக ஆரம்பித்தது.

இந்த ஏப்ரல் தொடக்கத்தில் மனைவியின் அண்ணன் வீட்டுச் சாம்பல் நிறக் குதிரைக்குப் பிரசவ வலி. சகினாலியைக் கூப்பிட்டார்கள். அவர் போனார். வழியில் இரண்டு வீடு. லாயத்துக்கு வந்தவர், இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லி வைக்கோலில் சாய்ந்தார். எழுந்தபோது வெளிச்சம் வந்திருந்தது, குதிரை விறைத்துக் கிடந்தது. குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே. மச்சான் சேணத்தை எடுத்துக் கொண்டுபோய் வீட்டுக்குள் மாட்டினார், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே மனைவி அனார்கான் பெட்டியைக் கட்டிக்கொண்டு கொச்கோரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து ஒரு நாள் போன் செய்து நம்பர் ஒன்று கொடுத்தாள். அக்காவோடு வேலை செய்கிறவளின் புருஷன் போகும் இடமாம்; குடியை விட்டவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசுவார்களாம்.

"பேசி என்ன ஆகப் போகுது?" என்றார் சகினாலி.

"பேசாம இருந்து என்ன ஆச்சுன்னுதான் பாத்தாச்சே. உள்ள போய் உக்காந்துட்டு வந்து எனக்கு அடிங்க. போகலன்னா இந்த நம்பருக்கு அடிக்காதீங்க. நானும் அங்க வர மாட்டேன்."

இருபத்தெட்டு வருடத்தில் அவள் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறாள், அழுதிருக்கிறாள். இந்தத் தடவை கத்தவில்லை. மருந்து எப்போது கொடுக்க வேண்டும் என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு வைத்தாள். அதில்தான் சகினாலிக்குப் பயம் வந்தது.

முதல் வியாழக்கிழமை நாரின் பஸ் நிலையத்தில் பழைய வகுப்புத் தோழன் ஒருவன் கட்டிப் பிடித்துக்கொண்டான். அன்று மேல் தெரு எங்கே, சகினாலி எங்கே. அதன்பின் மூன்று நாள் குடித்தார். நான்காம் நாள் காலையில் கை நடுக்கத்தில் ஒரு செம்மறியாட்டுக்கு ஊசி போட முடியாமல், அதன் சொந்தக்காரியே ஊசியைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டாள். அதோடு நிறுத்தினார். பையில் இருந்த ஸ்பிரிட்டைச் சாம்பல் குழியில் கொட்டினார்.

இரண்டாவது வியாழக்கிழமை மேல் தெருவுக்கு வந்தே விட்டார். இரண்டு தடவை மேலும் கீழும் நடந்தார். முப்பது நாற்பது கேட், எல்லாம் நீலம். யாரையாவது கேட்கலாம்தான். ஆனால் எங்கள் ஆட்களிடம் வழி கேட்டால் வழி வராது, கேள்விதான் வரும். யாரைப் பார்க்கணும்? என்ன விஷயம்? எந்த ஊர்? யார் பிள்ளை? மூன்றாவது கேள்விக்குள் எப்படியாவது ஒரு சொந்தம் கிளம்பிவிடும். நாலாவது கேள்விக்குள் சேதி கணவாயைத் தாண்டிவிடும். ஒரு கிழவர் கேட்டைத் திறந்து, "யாரைத் தேடுறீங்க தம்பி?" என்றதும், "யாரையும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கடைசி வேனைப் பிடித்தார்.

மூன்றாவது வியாழக்கிழமை ஒரு யோசனையோடு வந்தார். மருத்துவப் பையைக் கையில் எடுத்துக்கொண்டார். பையோடு போகிற மாட்டு டாக்டரை ஏன் இந்தத் தெருவில் நிற்கிறாய் என்று யார் கேட்பார்கள்? அதுபோக, ஒரு வீட்டு வாசலுக்கு வெறும் கையோடு போவதும் அவருக்குப் பழக்கமில்லை.

பையைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் வினையாகிப் போனது.

ஆறுக்கு இருபது நிமிடம். தெருவின் நடுப்பகுதியில் நின்று, எந்தக் கேட்டுக்குள் ஆண்கள் நுழைகிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கேட் படாரென்று திறந்தது. ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை சுருட்டிய கை, தலையில் அவிழ்ந்த துணி. ஐம்பது வயதுப் பெண்.

"டாக்டர்தானே நீங்க? அந்தப் பை டாக்டர் பைதானே?"

"ஆமா, ஆனா நான்..."

"ஆண்டவன் அனுப்பின மாதிரி வந்தீங்க! யாரு சொல்லி விட்டா, பக்கத்து வீட்டு ஊல்கானா? மத்தியானமே பனிக்குடம் உடைஞ்சுது. ஒரு கால்தான் வந்திருக்கு, இன்னொரு காலக் காணோம். வாங்க வாங்க, நாய் கட்டித்தான் கிடக்கு."

"அக்கா, எனக்கு ஆறு மணிக்கு ஒரு எடத்துக்கு..."

"மாடு செத்துப்போனா எடமெல்லாம் எங்க போகும்? வாங்கன்றேன்!"

கையைப் பிடித்தே இழுத்துவிட்டாள். ஒரு கால்தான் வந்திருக்கிறது என்று அவள் சொன்னதும் சகினாலியின் கால்களும் தானாக உள்ளே போயின. அந்த வார்த்தைக்குப் பிறகு அவரால் தெருவில் நிற்க முடியாது.

தொழுவத்தில் சிவப்புப் பசு ஒன்று, முதல் ஈற்று, முதுகை வளைத்து நின்றது. அந்தப் பெண்ணின் பெயர் கல்புபு. சுடுதண்ணீரும் சோப்பும் தயாராக வைத்திருந்தாள், விவரமானவள்தான். சகினாலி மேல்சட்டையைக் கழற்றினார், தண்ணீரில் ஊதா மருந்தைக் கரைத்துத் தோள் வரை கழுவினார். விரல்கள் நடுங்கின. பதினொரு நாளில் குறைந்திருந்தது, ஆனால் போகவில்லை. கல்புபு அந்த விரல்களைப் பார்த்தாள்.

"ஸ்பிரிட் தடவலையா? போன தடவை வந்த டாக்டர் தடவினாரு."

"இல்ல. இதுவே போதும்."

"டாக்டர் பையில ஸ்பிரிட் இல்லையா?" என்றாள், கொஞ்சம் சந்தேகமாக.

"வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையா? இழுக்க ஆள் வேணும்."

"எங்க ஆளு இருக்காரு, ஆனா இப்ப வர மாட்டாரு. நானே இழுப்பேன். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க."

கை உள்ளே போனதும் நடுக்கம் நின்றுவிட்டது. அது அவருக்கே ஆச்சரியம். கன்றின் தலை கிடைத்தது. நாக்கைத் தொட்டார், இழுத்துக்கொண்டது. உயிர் இருக்கிறது. இரண்டாவது முன்னங்கால் முழங்காலில் மடங்கிப் பின்னால் சிக்கியிருந்தது. பசு முக்கும்போதெல்லாம் கை எலும்போடு சேர்ந்து நசுங்கியது. முக்கல் நிற்கும் நேரம் பார்த்து கன்றைப் பின்னால் தள்ளி, குளம்பைத் தேடி, கர்ப்பப்பையைக் கிழிக்காதபடி உள்ளங்கையால் மூடி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவர வேண்டும். இரண்டு தடவை வழுக்கியது. சாம்பல் நிறக் குதிரையின் நினைப்பு வந்தது. அதற்கும் இதேதான் செய்திருக்க வேண்டும், வேறொன்றுமில்லை. மூன்றாவது தடவை குளம்பு கைக்குள் வந்தது.

"கயிறு!"

இரண்டு காலிலும் சுருக்குப் போட்டார்கள். பசு முக்கும்போது மட்டும் இழுத்தார்கள். கல்புபு பல்லைக் கடித்துக்கொண்டு, பசுவையும் கயிற்றையும் அங்கே இல்லாத புருஷனையும் சேர்த்து வைதபடி இழுத்தாள். கடைசியில் கன்று ஒரே வழுக்கலில் வர, அதோடு சேர்ந்து மூவரும் வைக்கோலில் விழுந்தார்கள். சகினாலி கன்றின் மூக்கைத் துடைத்தார், வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்தார். தும்மியது. தொப்புளில் அயோடின் தடவிவிட்டுத்தான் மணியைப் பார்த்தார். ஆறு ஐம்பது.

"கிடேரி" என்றாள் கல்புபு, கன்றின் வாலைத் தூக்கிப் பார்த்து. கண்ணைத் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் சளி ஒட்டியது. உடனே வீட்டுக்காரியின் கவலை வந்துவிட்டது அவளுக்கு. "டாக்டர், வெக்கமா இருக்கு. வீட்டுல ஒரு பாட்டில்கூட இல்ல. இருங்க, ஒரு நிமிசம்." அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஊல்கான்! ஏய் ஊல்கான்! ஒரு பாட்டில் இருந்தா குடு, டாக்டர் வந்திருக்காரு!"

"வேண்டாம்!" என்று சகினாலி கத்திய கத்தலில் பசு உதைத்தது. வாளி உருண்டது.

"ஏன் வேண்டாம்? என் வாசல்லேர்ந்து டாக்டர் நாக்கு காஞ்சு போனாருன்னு நாளைக்குத் தெருவே பேசவா?"

"நான் குடிக்கிறதில்லக்கா."

"குடிக்காத மாட்டு டாக்டரா? எப்போலேர்ந்து?"

ஊல்கான் அந்தப் பக்கம் அலமாரியைத் திறப்பது சகினாலிக்குக் காதில் விழுந்தது. நிஜமாகவே விழுந்ததா, பழக்கத்தில் விழுந்ததா, தெரியவில்லை. கை இரண்டும் ரத்தமும் சளியுமாக, சட்டை இல்லாமல், முன்பின் தெரியாத பெண் முன்னால் நின்றார். இன்னும் ஒரு நிமிடம் போனால் பாட்டில் சுவருக்கு மேலே வந்துவிடும். வந்துவிட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"பதினொரு நாளா" என்றார். "உங்க மாட்டுக்காக வரலக்கா நான். நான் குடிகாரன். குடிக்காம இருக்கிறவங்க கூடுற எடம் இந்தத் தெருவுல இருக்குன்னு சொன்னாங்க. மூணு வாரமாத் தேடுறேன். நீலக் கேட்டுன்னாங்க."

கல்புபு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடப் பாவி மனுசா! கேட்டுலயே சொல்றதுக்கென்ன?" பிறகு சுவரைப் பார்த்து, "ஊல்கான், வேண்டாம்! திரும்ப உள்ள வையி! ஊத்திட்டு வராத!" என்றாள். குரலைத் தாழ்த்தினாள். "மூணு கேட் தள்ளி. வலது பக்கம். எங்க ஆளு அங்கதான் உக்காந்திருக்காரு, ரெண்டு வருசமா ஒரு வியாழன் தப்பாம. அந்த அறையில இருக்கிறப்போ வீடே தீப்பிடிச்சாலும் கூப்பிட மாட்டேன்னு சொல்லியிருக்கேன். அதான் கூப்பிடல. மாடு போனா போகட்டும்னு இருந்தேன்... போகட்டும்னு இருந்தேனா, தெருவுல ஓடிவந்து உங்களப் பிடிச்சு இழுத்தேன், என்னத்தச் சொல்ல. கழுவுங்க, கழுவுங்க, இன்னும் இருபது நிமிசம் இருக்கு."

அவர் கழுவிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஓடி ரொட்டியோடு வந்தாள். ரொட்டியைப் பிய்த்து ருசி பார்க்காமல் வாசல் தாண்டக் கூடாது. வாயில் ஒரு துண்டு, சட்டைப் பையில் இரண்டு துண்டு. "சீம்பால் காய்ச்சி அடுத்த வாரம் வைக்கிறேன். வந்துட்டுப் போகணும்" என்று தள்ளிவிட்டாள்.

மூன்றாவது கேட்டுக்குள், முற்றத்தின் கோடியில், முன்பு தச்சுப்பட்டறையாக இருந்த அறை. வாசலில் ஏழு ஜோடிச் செருப்பும் பூட்ஸும். சகினாலி தன் பூட்ஸைக் கழற்றினார். உள்ளே அடுப்பு, டீ, சுவர் ஓரமாகப் போர்த்திய பலகைகள். ஒரு ரஷ்யக் கிழவர், லாரி டிரைவர் போல ஒல்லியான ஒருவன், பள்ளி ஆசிரியைக் குரலில் ஒரு பெண், இன்னும் சிலர். அவர் நுழைந்ததும் தொழுவத்து வாசனையும் கூடவே நுழைந்தது. எல்லாரும் திரும்பினார்கள்.

"வாங்க. எந்த ஊரு, யாரு மகன்..." என்று ரஷ்யக் கிழவருக்குப் பக்கத்தில் இருந்தவர் ஆரம்பித்தார்.

"அந்தக் கேள்வியெல்லாம் கேட்டுக்கு வெளியில" என்றாள் ஆசிரியைக் குரல். "ரெண்டு வருசமா சொல்றேன் உங்களுக்கு. பேரு மட்டும் சொல்லுங்க, போதும்."

"சகினாலி. மாட்டு டாக்டர்."

"வேலையக் கேக்கல."

"கேக்காமலே தெரியுது, மூக்கு இருக்கே" என்றான் லாரிக்காரன். சிரித்தார்கள்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அகன்ற தோள்காரர், மூலையில் இருந்தவர், சகினாலியின் கால்சட்டையில் ஒட்டியிருந்த சிவப்பு மாட்டு மயிரையே பார்த்துக்கொண்டிருந்தார். டீக் கிண்ணம் கையில் சாய்ந்து தரையில் கொட்டியது. கேட்கக் கூடாது என்று அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"உசுரோட இருக்கா?"

"ரெண்டும் இருக்கு. கிடேரி. கால் மடங்கியிருந்துச்சு."

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அறையே ஒரு நிமிடம் கிடேரி கிடேரி என்று பேசிக்கொண்டது. பிறகு ஆசிரியைக் குரல் கிண்ணத்தில் கரண்டியால் தட்டினாள்.

"புதுசா வந்தவர் ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம். சொல்லாட்டியும் பரவால்ல."

சகினாலி சொல்ல வேண்டாம் என்று நினைத்துத்தான் வந்திருந்தார். ஆனால் தொழுவத்தில் ஒருமுறை சொல்லியாயிற்று. இரண்டாவது முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை. குதிரையைச் சொன்னார். வைக்கோலில் சாய்ந்ததைச் சொன்னார். இன்று கால் மடங்கிய கன்றை எடுக்க ஒரு மணி நேரம் ஆனது, அன்றைக்கும் அதே ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும் என்றார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை, யாரும் முதுகில் தட்டவில்லை. ரஷ்யக் கிழவர் டீயை ஊற்றி அவர் பக்கம் தள்ளினார். அடுத்தவர் தன் கதையைத் தொடங்கினார். ஏழேகாலுக்கு முடிய வேண்டியது ஏழரைக்கு முடிந்தது.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கேட்டைத் தாண்டி நின்று போனை எடுத்தார். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லுங்க."

"போனேன்."

"எங்க?"

"அதான், மேல் தெருவுக்கு."

"போன வாரமும் மேல் தெருவுல நடந்தீங்கன்னு கேள்விப்பட்டேன். தெருவுல நடந்ததெல்லாம் போனதுல சேராது."

"உள்ள போனேன், அனார். உக்காந்தேன். லேட்டாத்தான் போனேன்."

"ஏன் லேட்டு? எந்தக் கடையில நின்னீங்க?"

"கடை இல்ல. மாடு ஒண்ணு கன்னு போட முடியாமக் கிடந்துச்சு. பாத்துட்டுப் போனேன்."

"அப்ப ஊத்தியிருப்பாங்களே."

"ஊத்தல. வேண்டாம்னுட்டேன்."

"யாரு வீடு அது?"

சகினாலி வாயைத் திறந்தார். மூன்று கேட் தள்ளி இருக்கும் வீட்டைப் பார்த்தார். அகன்ற தோள்காரர் அந்தக் கேட்டுக்குள் ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தார். சகினாலி வாயை மூடிக்கொண்டார்.

"சொல்ல முடியாது."

"மாடு யாரோடதுன்னு சொல்ல முடியாதா? இதென்ன புதுக்கதை? சரி, அங்க யாரு யாரு இருந்தா?"

"அதுவும் சொல்ல முடியாது. அங்க அப்படி ஒரு கட்டுப்பாடு."

கொச்கோரில் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

"இருபத்தெட்டு வருசமா" என்றாள் அனார்கான், "எந்த வீட்டு மருமக எதுக்கு அழுதா, யாரு அடுப்புல என்ன வெந்துச்சுன்னு தொப்பியக் கழட்டறதுக்கு முன்னாடி சொல்லி முடிச்சுருவீங்க. இன்னிக்கு ஒரு மாடு யாரோடதுன்னு வாய் வரல."

"வரல."

"அப்ப போயிருக்கீங்க."

"எப்ப வருவே?" என்றார்.

"ஒரு தடவைக்கே வந்துருவேனா? அடுத்த வியாழக்கிழமையும் போங்க. அன்னிக்கும் அடிங்க." வைத்துவிடுவாள் என்று நினைத்தார். வைக்கவில்லை. "விதைக்கு வச்ச உருளைக்கிழங்கு நிலவறையிலயே கிடக்கா?"

"கிடக்கு."

"எடுத்து வெளிச்சத்துல பரப்பி வைங்க. அழுகினத எல்லாம் பொறுக்கிப் போடுங்க. மே பத்துக்குள்ள நடணும்."

"யாரு நடணும்?"

"கேள்வி கேக்காம எடுத்துப் பரப்புங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.